பயாஸில் எஸ்எஸ்டியே தெரியவில்லை: கரண்ட் போன பிறகு லேப்டாப் பூட் ஆகவில்லை

தாம்வே_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டாக வாங்கிய லேப்டாப். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, உள்ளே 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி (சின்னக் கார்டு வடிவில் இருக்கும் டிஸ்க்), விண்டோஸ் 10. பேட்டரி நிற்காது, சார்ஜரில்தான் ஓடும். நேற்று ராத்திரி வேலை ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு ஆன் செய்தால் கறுப்புத் திரையில் முதலில் "ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4", கொஞ்ச நேரம் கழித்து "நோ பூட்டபிள் டிவைஸ் ஃபவுண்ட்". தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண், சந்தாக் கணக்கு எல்லாம் இதில்தான் இருக்கிறது, வேறெங்கும் நகல் இல்லை. தெரு முனைக் கடையில் கேட்டால் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

சால்டரிங்_ரங்கூன்:

போடாதீங்க அக்கா. விண்டோஸ் கெட்டதா, டிஸ்க்கே காணாமல் போனதா என்று தெரியும் முன் இன்ஸ்டால் செய்வது கணக்கை நாமே அழிப்பதற்குச் சமம்.

"பிஎக்ஸ்இ" என்று வருவதைப் பார்த்து வைரஸ் என்று பயப்பட வேண்டாம். உள்ளே டிஸ்க்கிலிருந்து பதில் வராததால், லேன் வழியாக யாராவது பூட் செய்து தருவார்களா என்று மெஷின் தேடுகிறது, அவ்வளவுதான்.

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் செட்டிங் திரை) போங்க. டெல், ஏசர், ஏசுஸ், புஜிட்சு, டைனாபுக் எல்லாம் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. திங்க்பேட் எஃப்1. மற்ற லெனோவாக்களில் எஃப்2, அல்லது ஓரத்தில் ஊசி நுழையும் சின்ன நோவோ ஓட்டை. ஆன் செய்த நொடியிலிருந்தே அந்தக் கீயைத் தட்டிக்கொண்டே இருக்கணும்.

உள்ளே போய் பூட் ஆர்டரைப் பார்க்காதீங்க. நிறையப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டியலில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்ற பழைய பெயர் டிஸ்க் இல்லாமலேயே நின்றுகொண்டிருக்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் அல்லது ஸ்டோரேஜ் பக்கத்தில் டிரைவின் மாடல் பெயரும் அளவும் வருகிறதா என்று பாருங்க. 256 ஜிபியைச் சில பயாஸ் 238 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான்.

பெயர், அளவு இரண்டும் சரியாக வந்தால் கோளாறு பெரும்பாலும் பூட் லோடரில் (விண்டோஸைத் தொடங்கி வைக்கும் சின்ன புரோகிராம்), அது லேசான வேலை. பெயர் விசித்திரமாகவோ அளவு பூஜ்யமாகவோ வந்தால் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே ஓடும் புரோகிராம்) மாட்டிக்கொண்டது. மலிவான சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டிகள் சில, தன் பெயரை மறந்து "சாட்டாஃபெர்ம் எஸ்11" என்று காட்டுவது இந்த வகை. ஒன்றுமே வராவிட்டால் இணைப்பு, சப்ளை, இல்லை எஸ்எஸ்டியே.

இன்னொன்று: அந்தப் பக்கத்தின் மேலே தேதியும் நேரமும் சரியா என்றும் பார்த்துச் சொல்லுங்க.

தாம்வே_அக்கா:

ஸ்டோரேஜ் பக்கத்தில் எம்.2 என்ற இடத்துக்கு நேராக "நன்", அதாவது ஒன்றுமில்லை, என்றுதான் வருகிறது. தேதி 2018 ஜனவரி 1 காட்டுகிறது.

மோல்மீன்_சர்வீஸ்:

அந்தத் தேதி முக்கியமான துப்பு. உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கலாம், அதனால் ஒன்றைச் சரி செய்துவிட்டு "இன்னும் பூட் ஆகவில்லையே" என்று மனம் தளர வேண்டாம்.

மதர்போர்டில் நேரத்தைப் பிடித்து வைப்பது சிஆர்2032 பட்டன் பேட்டரி, 3 வோல்ட். பெரிய பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்பில் இது செத்தாலும் வெளியே தெரியாது. உங்களுடையதில் பெரிய பேட்டரியும் நிற்காது, சார்ஜருக்கும் கரண்ட் போய்விட்டது, பட்டனும் காலி. எனவே கரண்ட் போனபோது கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது. பல மாடல்களில் அதோடு பயாஸ் செட்டிங்கும் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். அதில் கவனிக்க வேண்டியது சாட்டா மோட் (மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை): ஏஎச்சிஐ என்ற முறையில் வைத்து விண்டோஸ் போட்டிருப்பார்கள், கம்பெனி நிலை ரெய்டு என்ற வேறு முறையாக இருக்கலாம்.

இப்போது எதையும் மாற்ற வேண்டாம். சாட்டா மோட், செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் செய்ய விடும் பூட்டு), லெகசி/யுஇஎஃப்ஐ (பழைய/புதிய பூட் முறை) இருக்கும் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியை மட்டும் சரி செய்யுங்கள்.

ரெய்டுக்கு மாறினாலும் பெரும்பாலான மெஷின்களில் டிரைவின் பெயர் ஏதாவது ஒரு பக்கத்தில் வரும். எங்குமே இல்லை என்றால் முதல் கோளாறு எஸ்எஸ்டி பக்கம்தான். கழற்றிப் பார்க்கணும்.

சால்டரிங்_ரங்கூன்:

கழற்றும் முறை. சார்ஜரை எடுங்க. கீழ் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பேட்டரி செத்ததுதானே என்று விடாதீங்க, கொஞ்சம் வோல்டேஜ் இருந்தாலும் ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் போர்டு போய்விடும். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் இரு ஓரத்திலும் நகத்தால் நெம்பி எடுக்கணும். பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிங்க, போர்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கிவிடும்.

எஸ்எஸ்டியின் ஓரத்தில் ஒரே ஒரு எம்2 (2 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூ, நீளம் சுமார் 3 மி.மீ. அதை எடுத்ததும் கார்டு தானாக 20, 30 டிகிரி மேலே எழும்பும். எழும்பிய கோணத்திலேயே நேராக வெளியே இழுங்க. திரும்ப மாட்டும்போதும் அதே கோணத்தில் முழுக்க உள்ளே தள்ளி, பிறகு படுக்க வைத்து ஸ்க்ரூ போடணும். தங்க நிறக் கால்கள் மயிரிழை அளவுக்கு மேல் வெளியே தெரிந்தால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

கழற்றியதும் கார்டின் லேபிளையும் தங்க நிறக் கால்களுக்கு நடுவே உள்ள வெட்டையும் பாருங்க. ஒரு வெட்டு இருந்தால் எம் கீ, பெரும்பாலும் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான புதிய முறை). இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. வெட்டை மட்டும் நம்பாமல் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிங்க. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ கார்டு இறுக்கமாக உட்கார்ந்தாலும் பயாஸுக்குத் தெரியவே தெரியாது.

கால்கள் மங்கியிருந்தால் வெள்ளை ரப்பரால் லேசாக ஒருமுறை தேய்க்கலாம்.

மோல்மீன்_சர்வீஸ்:

ரப்பர் வேண்டாம் தம்பி. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பரில் இருக்கும் சொரசொரப்பு அதை எடுத்துவிடும். ஒருமுறை தாமிரம் தெரிய ஆரம்பித்தால் நம்முடைய மழைக்காலத்தில் அது சீக்கிரமே பச்சை பிடிக்கும். உதிரும் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் இன்னொரு தொல்லை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், நூல் உதிராத துணி, கால்களின் நீளவாக்கில் இரண்டு இழுப்பு. அவ்வளவே போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது. வேறு வழியில்லை என்றால் அதையும் போடலாம், ஆனால் நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும்.

அழுக்கு சேர்வது பெரும்பாலும் கார்டில் அல்ல, ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கால்களில். கார்டை மூன்று நான்கு முறை போட்டு எடுத்தாலே அது உரசிச் சுத்தமாகும்.

சால்டரிங்_ரங்கூன்:

ஸ்லாட் விஷயம் சரி அண்ணே. அப்படியென்றால் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைப்பவர்கள் அதையே ஸ்லாட்டில் அடித்து, காய விட்டு மாட்டட்டும்.

தாம்வே_அக்கா:

ஒரே வெட்டு, லேபிளில் என்விஎம்இ என்று இருக்கிறது. துடைத்து, பல முறை எடுத்துப் போட்டு, சார்ஜர் போட்டுப் பார்த்தேன். இன்னும் "நன்"தான்.

லினக்ஸ்_பெகு:

அக்கா, அடுத்து செய்ய வேண்டியதற்குப் பொறுமை வேண்டும், கரண்டும் வேண்டும். அதனால் உங்கள் பகுதியில் கரண்ட் வந்ததும் ஆரம்பியுங்கள், அல்லது இன்வெர்ட்டரில் ஓட்டுங்கள்.

எந்தத் தகவல் எந்த நாண்ட் செல்லில் (எஸ்எஸ்டி சிப்பின் சேமிப்பு அறை) கிடக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தனியாகப் பராமரிக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த அட்டவணை அரைகுறையாக நின்றுவிடும். மறுபடி கரண்ட் வந்ததும் கண்ட்ரோலர் (எஸ்எஸ்டியை நடத்தும் சிப்) அதைக் கட்டி முடிக்கப் பார்க்கும். முடிக்கும்வரை வெளியே யார் கேட்டாலும் பதில் சொல்லாது. பயாஸ் சில விநாடிதான் காத்திருக்கும், பிறகு "நன்" என்று எழுதிவிட்டுப் போய்விடும். நாம் பதறி ஆஃப் செய்தால் கண்ட்ரோலர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் செய்கிறவர்களுக்கு டிரைவ் திரும்பி வராமலே போவதற்கு இது ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். பயாஸுக்குள் போய் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கே எஸ்எஸ்டிக்குக் கரண்ட் இருக்கும், படிக்கவோ எழுதவோ யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். 30 நிமிடம் தொடக்கூடாது. பிறகு ஆஃப், சார்ஜரைப் பிடுங்கி 30 விநாடி. மறுபடி பயாஸ், மறுபடி 30 நிமிடம். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் வராவிட்டால் வேறொரு லேப்டாப்பில் அல்லது யுஎஸ்பி என்விஎம்இ பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். பெட்டி வாங்கும்போது என்விஎம்இ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சாட்டா மட்டும் ஏற்கும் எம்.2 பெட்டி அதே விலைக்கு அதே உருவத்தில் கடையில் தொங்கும்.

டிரைவ் திரும்பி வந்தால் நேராக விண்டோஸுக்குள் போகாதீர்கள். அது தானாக ரிப்பேர் என்று ஆரம்பித்து டிஸ்க்கில் எழுதும். முதலில் கணக்கை வெளியே எடுப்போம்.

மாந்தலே_கல்லூரி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும் அண்ணன்மாரே. என்னுடையது 11ஆம் தலைமுறை. புது 1 டிபி என்விஎம்இ போட்டேன். பயாஸில் அழகாகத் தெரிகிறது. விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்யும்போது "எங்கே இன்ஸ்டால் செய்வது" என்ற பக்கம் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போலியா?

மோல்மீன்_சர்வீஸ்:

போலி இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கண்ட்ரோலருக்குப் பின்னால் டிரைவ் ஒளிந்திருக்கும், அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இருப்பதில்லை. புது டிஸ்க், உள்ளே ஒன்றுமில்லை என்பதால் உங்களுக்கு எளிய வழி: பயாஸில் விஎம்டியை டிஸேபிள் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். சில மாடலில் அந்த ஆப்ஷனே இருக்காது. அப்போது லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, ஃபோல்டராக விரித்து, அதே பென்டிரைவில் போட்டு, அந்தக் காலிப் பக்கத்தில் "லோட் டிரைவர்" கொடுங்கள். செட்டப் ஃபைலாக அப்படியே போட்டால் எடுக்காது, ஐஎன்எஃப் ஃபைல் வெளியே தெரியணும்.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் மட்டும் விஎம்டியை விளையாட்டாக மாற்றக்கூடாது. நீலத் திரைதான் வரும்.

மாந்தலே_கல்லூரி:

விஎம்டியை ஆஃப் செய்ததும் டிஸ்க் வந்துவிட்டது. நன்றி அண்ணே.

தாம்வே_அக்கா:

தம்பி, இரண்டாவது சுற்று முடிந்து திரும்பப் பார்த்தபோது எஸ்எஸ்டியின் பெயரும் 256 ஜிபி என்றும் வந்துவிட்டது! கை வைக்கவே பயமாக இருக்கிறது. அடுத்து என்ன?

லினக்ஸ்_பெகு:

ரொம்ப சந்தோஷம் அக்கா. இப்போது ஆஃப் செய்யாமல் இருக்க முடியாது, பரவாயில்லை.

வேறொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ (பென்டிரைவிலிருந்தே ஓடும் மீட்பு லினக்ஸ்) ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். சுமார் 1 ஜிபிதான். விண்டோஸ் ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும், மொபைல் டேட்டாவில் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். ரூஃபஸ் என்ற புரோகிராமால் அதை ஒரு 4 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள், அதில் இருப்பது அழிந்துவிடும், கவனம். பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து, பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷின் என்றால் இந்த மாதிரி மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்களுடையதில் பிட்லாக்கர் இருக்கிறதா?

தாம்வே_அக்கா:

பிட்லாக்கர் இல்லை. பூட் ஆகி கறுப்புத் திரை வந்தது. நீங்கள் சொல்லும் முன்பே எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியலைக் காட்டும் கட்டளை) என்று தட்டிப் பார்த்தேன், பென்டிரைவ் மட்டும்தான் வருகிறது. எஸ்எஸ்டி மறுபடி போய்விட்டதா?

லினக்ஸ்_பெகு:

போகவில்லை அக்கா. டிமெஸ்ஜி (லினக்ஸின் செய்திகளைக் காட்டும் கட்டளை) என்று தட்டி, ஏஎச்சிஐ என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். "ஃபவுண்ட் 1 ரீமேப்ட் என்விஎம்இ டிவைசஸ்" என்று ஒரு வரியும், ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றச் சொல்லி அடுத்த வரியும் இருக்கணும். அண்ணன் சொன்ன இரண்டாவது கோளாறு இதுதான். ரெய்டு மோடில் இன்டெல் கண்ட்ரோலர் என்விஎம்இயைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும், லினக்ஸுக்குக் காட்டாது.

தாம்வே_அக்கா:

அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல்.

மோல்மீன்_சர்வீஸ்:

அப்படியானால் பயாஸில் சாட்டா ஆபரேஷனை ஏஎச்சிஐ ஆக்குங்கள். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐயில் போட்டதாகத்தான் இருக்கும். இந்த மாற்றத்தால் டேட்டா அழியாது. ஏதாவது எச்சரிக்கை வந்தால் படித்துப் பாருங்கள்: "டேட்டா அழிக்கப்படும்" என்று சொல்லி சரியா என்று கேட்டால் வெளியே வந்து இங்கே எழுதுங்கள். "ஓஎஸ் பூட் ஆகாமல் போகலாம்" என்று மட்டும் இருந்தால் ஓகே கொடுக்கலாம்.

லினக்ஸ்_பெகு:

மாற்றிய பிறகு மறுபடி பென்டிரைவில் பூட். எல்எஸ்பிஎல்கே தட்டினால் என்விஎம்இ0என்1 வரும், அதன் கீழே பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள். பெரியதுதான் சி டிரைவ். அதை ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்து திறங்கள், அதாவது மவுண்ட் கட்டளையில் "ஓ" ஆப்ஷனுக்குப் பிறகு "ஆர்ஓ". ஒரு எழுத்தும் எஸ்எஸ்டியில் எழுதப்படாது. விண்டோஸ் சரியாக ஷட்டவுன் ஆகாததால் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்யப் பார்த்தால் எப்படியும் மறுக்கும்.

கறுப்புத் திரை சிரமம் என்றால் ஸ்டார்ட்எக்ஸ் தட்டுங்கள், ஜன்னல்களோடு மேசை வரும், ஃபைல் மேனேஜரில் இழுத்து வெளி டிஸ்க்கில் போடலாம். முதலில் பள்ளிக் கணக்கு, பிறகு யூசர்ஸ் ஃபோல்டர் முழுக்க. விண்டோஸ் ஃபோல்டரை எடுக்க வேண்டாம், அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை "-ஏ" போட்டு என்விஎம்இ0 மீது ஓட்டி, வரும் எண்களை இங்கே போடுங்கள்.

தாம்வே_அக்கா:

யூசர்ஸ் ஃபோல்டர் முழுக்க வெளி டிஸ்க்குக்கு வந்துவிட்டது. மதிப்பெண் ஃபைலை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. எண்கள்: கிரிட்டிக்கல் வார்னிங் 0, அவைலபிள் ஸ்பேர் 100%, பர்சன்டேஜ் யூஸ்ட் 38%, மீடியா எரர் 0, பவர் சைக்கிள் 1,530, அன்சேஃப் ஷட்டவுன் 1,412.

சால்டரிங்_ரங்கூன்:

கடைசி இரண்டு எண்ணைப் பாருங்க அக்கா. 1,530 தடவை ஆன் ஆனதில் 1,412 தடவை சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் பிடுங்கப்பட்டிருக்கிறது. எஸ்எஸ்டி தேய்ந்து சாகவில்லை, 38 சதவீதம்தான் பயன்பட்டிருக்கிறது, ஒரு மீடியா எரர்கூட இல்லை. அதைக் கொன்றுகொண்டிருப்பது நிற்காத பேட்டரி. லேப்டாப்பில் பேட்டரிதான் யுபிஎஸ். அது செத்த பிறகு நேரம் வைத்துக் கரண்ட் கொடுக்கும் ஊரில் சார்ஜரில் மட்டும் ஓட்டினால் எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் இதுதான் கதி. செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குகிற எல்லாரும் ராமைக் கேட்கிறார்கள், பிராசஸரைக் கேட்கிறார்கள், பேட்டரியைக் கேட்பதில்லை.

செலவு செய்யும் வரிசை: முதலில் பெரிய பேட்டரி. உங்கள் மாடலின் பழைய பேட்டரியில் அச்சிட்ட பார்ட் நம்பரை வைத்து வாங்குங்க, படத்தைப் பார்த்து வாங்காதீங்க, கனெக்டர் மாறும். பழையது உப்பியிருந்தால் குத்தாமல், மடக்காமல் தனியாக எடுத்து வையுங்க. இரண்டாவது பட்டன் பேட்டரி. லேப்டாப்பில் அது கறுப்பு அல்லது மஞ்சள் உறை போட்டு இரண்டு ஒயரோடு இருக்கும். ஒயரோடு முழுதாக வாங்கணும். வெறும் செல்லில் சால்டரிங் வைத்தால் சூட்டில் செல் வெடிக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

தாம்வே_அக்கா:

ஏஎச்சிஐயில் விண்டோஸும் வந்துவிட்டது. டிஸ்க் செக் ஓடி முடித்து டெஸ்க்டாப் வரை போனது.

மோல்மீன்_சர்வீஸ்:

நல்லது. இதே இழையைப் பிற்பாடு படிக்கிறவர்களுக்காக ஒன்று. டிரைவ் பயாஸில் சரியாகத் தெரிந்து, ஏஎச்சிஐயும் சரியாக இருந்து, அப்போதும் "நோ பூட்டபிள் டிவைஸ்" வந்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள பூட் ஃபைல்கள் கெட்டிருக்கும். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட்டுக்குள் (பார்ட்டிஷன்களைக் கையாளும் கட்டளை) லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள், ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இருந்தால் யுஇஎஃப்ஐ முறை. நட்சத்திரம் இல்லை என்றால் அந்த விண்டோஸ் லெகசியில் போட்டது, பயாஸில் லெகசியைத் திரும்ப வைத்தாலே பூட் ஆகலாம். பட்டன் பேட்டரி செத்து செட்டிங் திரும்பியவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

ஜிபிடி என்றால் லிஸ்ட் வால்யூம் கொடுத்து, ஃபேட்32 ஆக சுமார் 100 எம்பி அளவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு அங்கே சி என்ற எழுத்துதான் இருக்கும் என்று நம்ப வேண்டாம், டி ஆகவும் வரும், டிஐஆர் (உள்ளே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் கட்டளை) போட்டு உறுதி செய்யுங்கள். பிறகு பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் கட்டளை: விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, அடுத்து /எஸ் போட்டு எஸ்:, அடுத்து /எஃப் போட்டு யுஇஎஃப்ஐ. இணையத்தில் எல்லாரும் சொல்லும் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் இந்த முறையில் பெரும்பாலும் "ஆக்சஸ் டினைட்" என்று நின்றுவிடும், அதில் நேரம் போக்க வேண்டாம்.

தாம்வே_அக்கா:

பேட்டரிக்குச் சொல்லிவிட்டேன் அண்ணே. அது வரும்வரை இந்த எஸ்எஸ்டியிலேயே கணக்கு எழுதலாமா?

லினக்ஸ்_பெகு:

எழுதலாம், ஆனால் இதில் மட்டும் இருக்கக்கூடாது. ஒருமுறை இப்படி மாட்டிய எஸ்எஸ்டி அடுத்த முறை திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கணக்கு ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு ஒரு காப்பி போடுங்கள். ஃபைல் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஃபைலே கெடும் என்பதால் கரண்ட் போகும் நேரத்துக்குக் கால் மணி முன்பே மூடி, ஷட்டவுன் செய்துவிடுங்கள். புது எஸ்எஸ்டிக்கு மாற்ற நினைத்தால் குளோன்ஜில்லா (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் புரோகிராம்) போதும். புதியது பழையதைவிட ஒரு எம்பிகூடச் சிறியதாக இருக்கக்கூடாது, 240 ஜிபி என்று எழுதியதை வாங்கிவிடாதீர்கள், 256 அல்லது 500 எடுங்கள். குளோன் ஓடும் வேலையைப் புது பேட்டரி மாட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.